பூட்டிக் கிடந்த ஃபோல்டர்

கடிகாரம் பழுதுபார்க்கிறவர் தம் வலைப்பூ மென்பொருளைப் புதுப்பிக்கப் போனார். ஒரு ஃபோல்டர் மட்டும் ‘எழுத அனுமதி இல்லை’ என்று அடம்பிடித்தது. மற்றதற்கெல்லாம் உரிமையாளர் அவர். இதற்கு மட்டும் உரிமையாளர் என்று சர்வர் நிர்வாகியின் பெயர் இருந்தது. எந்தக் கடிகாரமானாலும் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். உடனே வலைப்பூவுக்குச் சர்வரில் இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போன் போட்டார்.

“என் ஃபோல்டரை யாரும்மா பூட்டினது?”

போனை எடுத்த பெண் பழைய குறிப்பைத் தேடிப் படித்தாள். “போன வருஷம் நீங்களேதான் சார் பூட்டச் சொல்லியிருக்கீங்க. உள்ள இருக்கறத நோண்டி நோண்டி மூணு தடவை சைட்டையே படுக்க வச்சிருக்கீங்க. ‘நானே கெஞ்சினாலும் திறக்காதீங்க’ன்னு எழுதியிருக்கு.”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்படியா? அப்படி உள்ள என்னதாம்மா இருக்கு?”