ஊமச்சி கூப்பிடுகிற நேரம்

அவளுக்குக் காது கேட்காது என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். அவள் ஒரு குரங்கு, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன ஜாதி. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் ஊமச்சி என்பார்கள். அவளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுகிறவள் நான்.

இங்கே நாள் முழுக்க ஒலிபெருக்கியில் இயந்திர இரைச்சலைப் போடுவார்கள். இரைச்சல் ஏற ஏற மற்ற குரங்குகள் தொண்டை கிழியக் கத்தும். எவ்வளவு உரக்கக் கத்துகின்றன என்று கருவி பதிவு செய்யும். ஊமச்சி மட்டும் முப்பது நாளாக வாயே திறக்கவில்லையாம். அதனால் வெள்ளிக்கிழமை வண்டி வந்து அவளை ஏற்றிப்போகும். மண்டையைத் திறந்து காதில் என்ன கோளாறு என்று பார்ப்பார்கள். திறந்தால் அவ்வளவுதான், பிறகு கூண்டுக்குத் திரும்ப மாட்டாள்.

பராமரிக்கிறவர் ஒருவராவது "குரல் எழுப்பவில்லை" என்று கையெழுத்துப் போடாமல் வண்டியில் ஏற்ற முடியாது. புதன்கிழமை மாலை, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், டாக்டர் தாளை நீட்டினார்.

"போட மாட்டேன் சார். அவ கூப்பிடுறா. நான் கேட்டிருக்கேன்."

"மெஷின்ல ஒண்ணுமே பதிவாகலையேம்மா!" இரைச்சலில் அவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

எப்படிப் பதிவாகும்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரைச்சல் முடிந்து மறுபடி ஆரம்பிக்கும். நடுவில் எட்டு விநாடி அமைதி. ஆராய்ச்சி இரைச்சலைப் பற்றியதாம், அதனால் அந்த எட்டு விநாடி வீண் என்று வெட்டிவிடக் கருவிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் பதினோரு வருடம் நூற்பாலையில் இருந்தவள். மெஷின் ஓடும்போது கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது புதிதாக வந்தவர்கள்தான். பழகியவர்கள் அது நிற்கிற நேரம் பார்த்துப் பேச்சை முடித்துக்கொள்வோம்.

"நீங்க போடலன்னா உங்க கொழுந்தன் போடட்டும்," என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரரின் தம்பிக்கு அடுத்த ஷிப்ட். தலையாட்டிப் பொம்மை, பேனாவை வாங்கியே விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், போட்டுட்டு அந்தக் கையோட என் வீட்டுச் சோத்தைத் தொட்டுப் பாரு."

"வேலை போயிடும் அண்ணி."

"நமக்கு வேலைதான் போகும். அவளுக்கு உயிரே போகுது."

இரண்டு பேரையும் கூண்டுக்கு முன்னால் உட்கார வைத்தேன். டாக்டர் ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தார். இரைச்சல் நின்றது. அவர் குரல் மட்டும் அறை முழுக்கக் கேட்டது. ஊமச்சி வாயைத் திறக்கவில்லை. கொழுந்தன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"நீங்களே பேசிட்டிருந்தா அவ எப்ப சார் பேசுவா? அடுத்த தடவை கொஞ்சம் வாயை மூடுங்க."

சொல்லிவிட்டேன். கூண்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அமைதி. ஊமச்சி கழுத்தை நீட்டி, மெல்லிய விசிலாக ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். பக்கத்து அறைக் கூண்டில் இருக்கும் அவள் மகள் பதில் கொடுத்தாள். இரைச்சல் ஆரம்பித்ததும் இரண்டு பேரும் அடங்கிவிட்டார்கள்.

"தற்செயலா இருக்கும்," என்றார் டாக்டர்.

"அப்ப இன்னும் அஞ்சு நிமிஷம் உட்காருங்க."

இன்னும் நான்கு தடவை உட்கார வைத்தேன். நான்கு தடவையும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவையே கொழுந்தன் பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டான்.

டாக்டர் தாளை மடித்தார். "வண்டிக்குச் சொல்லியாச்சேம்மா. இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"வரட்டும் சார். வெறும் வண்டியாத் திரும்பிப் போகட்டும்."