கடைமடைக்கு வந்த மறுப்பு

சென்ற வருஷம் வைகாசிக் கடைசியில் அரசாங்கம் தன் மறுப்பை ஆற்றில் திறந்துவிட்டது. விநாடிக்கு எத்தனை கன அடி என்று பேப்பரிலும் போட்டிருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் குடித்தால் போதும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய சேதிதான் காரணம். போனில் வந்ததைப் போனில் மறுத்தால் அதையும் வதந்தி என்பார்கள், காவிரியை எவனும் சந்தேகப்படமாட்டான் என்று ஏசி அறையில் முடிவெடுத்தார்களாம். தண்ணீரில் காலை வைத்தால் மறுப்பு காதில் கேட்கும். கேட்டது, பொய் இல்லை. ஒரு பெண் குரல், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி.

சேதி எங்கள் ஊருக்கு ஒரு நிமிஷத்தில் வந்தது. மறுப்பு முறை வைத்து வந்தது. ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு. திருவாரூருக்குக் கிழக்கே நாங்கள் கடைமடை. வருகிற வழியில் மேல்மடைக்காரர்கள் எப்போதும்போல ஆளுக்குக் கொஞ்சம் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டார்கள். நாற்பத்தொரு நாள் கழித்துக் கணுக்கால் நனைகிற தண்ணீர் வந்தபோது வாக்கியத்தின் வால்தான் மிச்சம்: "எனவே பொதுமக்கள் யாரும் இதை நம்ப வேண்டாம்." எதை என்பது மேலே வயல்களில் ஊறிப்போயிருந்தது.

முருகையன் சம்சாரம் காத்தாயி அதற்குள் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல். வலது காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. வாய்க்காலில் இறங்கியவள் கரையில் நின்ற கிராம நர்ஸ் செம்மொழியைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேட்டுச்சா நர்ஸம்மா? ஒங்க மாத்திரைய நம்பாதன்னு கவர்மெண்டே சொல்லுது."

"பெரியம்மா, பாதிதான் வந்திருக்கு. மீதி மேல நிக்குது. காலு போயிடும், சொன்னா கேளுங்க."

"இந்த ஊருக்கு எதும்மா முழுசா வந்திருக்கு?"

பாதிதான் வந்திருக்கு என்பதையே செம்மொழி பேசி ஊர் குரூப்பில் போட்டாள். நாலாம் நாள் அவளுக்கு நோட்டீஸ் வந்தது: அனுமதி இல்லாமல் மறுப்புக்கு விளக்கம் சொல்லி வதந்தி பரப்பியது ஏன்? வெண்டைக்காய்ச் சேதி அனுப்பியவனுக்கு ஒன்றும் வரவில்லை. அவனுடைய விலாசம் தெரியாதாம். ஆவணியில் ஓர் அதிகாரி வந்து, வாய்க்காலில் காலை விட்டு, குரல் கேட்கிறது என்று குறித்துக்கொண்டு, கடைமடை வரை நூறு சதவீதம் என்று அறிக்கை எழுதிவிட்டு, இளநீர் குடித்துப் போனார்.

கட்டைவிரல் கறுத்த அன்று முருகையன் காத்தாயியை மொபெட்டில் ஏற்றி மேற்கே விட்டான். வழியில் நிறுத்தி நிறுத்தி, அவளுடைய நல்ல காலைத் தண்ணீரில் வைக்கச் சொன்னான். திருவாரூர் தாண்டியதும் "வெண்டைக்காய்த் தண்ணீர் போதும் என்பது பொய்" என்பது சேர்ந்துகொண்டது. வலங்கைமான் மதகில் முழுசாகக் கேட்டது: மாத்திரையை நிறுத்தாதீர்கள், காலில் புண் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காத்தாயி காலை எடுக்கவே இல்லை. "இத நம்மூர்ல சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

"சொல்லித்தான் விட்டானுவ. வழியில பாய்ச்சிக்கிட்டானுவ. ஏறு வண்டில."

தஞ்சாவூரில் இரண்டு விரலை எடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள்.

இந்த வருஷமும் தண்ணீர் வந்தது. குரலை நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் யாரும் நிறுத்தவில்லை. காத்தாயி தினம் காலையில் மூன்று விரல் காலை வாய்க்காலில் வைக்கிறாள். நம்ப வேண்டாம் என்கிறது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு களை பறிக்கப் போகிறாள்.