முத்தழகு பரவிய இடங்கள்

வட அமெரிக்காவில் பிறந்த மஞ்சள் பூச்செடி நம்மூரில் முளைத்தால், அங்கே அது விட்டுவந்த இடத்தில் நிற்க இங்கிருந்து ஓர் ஆள் போகவேண்டும். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். தாலுகா ஆபீசில் இதற்கென்று தனி ஜன்னல் உண்டு.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் தவசிலிங்கம் உட்கார்ந்திருந்தார். செடி பிறந்த இடத்துக்குப் பச்சை, பரவிய இடத்துக்கு மஞ்சள் என்று உலகப் படத்தில் தீட்டுவார். கோடு தாண்டாத கை. அந்தக் கை விளங்குமா?

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வாசலிலேயே செடி முளைத்தது. படிவத்தில் ஒரு கேள்வி: தண்ணீர் ஊற்றியது யார்? அங்கே எழுதிய பெயர்க்காரர்தான் போகவேண்டும். அரிசி களைந்த தண்ணீரை அதன்மேல் கொட்டியது அவர் மனைவி முத்தழகு. யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் வந்து பார்ப்பதில்லை. மனுஷன் பொய் எழுதிப் பழகாதவர். அவள் பெயரையே எழுதி முத்திரையும் குத்திவிட்டார்.

"எம்பேரையா எழுதுனீங்க?"

"உண்மையத்தான எழுதணும்?"

"நல்லா எழுதுனீங்க, போங்க."

ஆபீஸ் வராந்தாவில் அவள் நடந்தாள். வராந்தா நீண்டுகொண்டே போனது. மதியத்துக்குள் கடலைத் தாண்டிவிட்டது. "சோறு அடுப்புல இருக்கு" என்ற அவள் குரல் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

சோறு மூன்று வருஷம் சூடாகவே இருந்தது. அவர் தொடவில்லை. தொட்டால் அழுகை வந்துவிடும்.

நான்காம் வருஷம் புதுப் படம் வந்தது. மேலே 'முத்தழகு' என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு புல்வெளியில் நின்றவள் இப்போது ஏழு இடத்தில் நின்றாள். ரயில் பாதையோரம், தரிசு நிலம், வேலிச்சந்து, எங்கும் இடுப்பில் கைவைத்தபடி.

"அங்க புடுங்கப் புடுங்க வருதாம்யா" என்றார் தாசில்தார்.

தவசிலிங்கம் மஞ்சள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். படத்தில் மஞ்சள் கடலைத் தாண்டியது. தூத்துக்குடி வந்தது. கோவில்பட்டி வந்தது. தெருமுனைக்கு வந்தது.

ஒரு காலையில் அவர் வாசலில் முத்தழகு நின்றாள். கணுக்கால்வரை மண்ணுக்குள் இருந்தது. தவசிலிங்கம் உள்ளே ஓடி, அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்.

தாசில்தார் படிவத்தோடு வந்தார். "பொறந்த எடமா, பரவுன எடமா? பரவுனதுன்னா புடுங்கிரணும்."

முத்தழகு பிறந்தது விளாத்திகுளம். இங்கே வாக்கப்பட்டு வந்தவள். கல்யாணப் பத்திரிகையிலேயே இருந்தது.

"இங்கதான் சார் பொறந்தா" என்றார் தவசிலிங்கம். பச்சையை எடுத்து வீடு, தெரு, கோடு எல்லாம் தாண்டித் தீட்டினார்.

"தண்ணி ஊத்துனது யாரு?"

தவசிலிங்கம் 'மழை' என்று எழுதினார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

முத்தழகு முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"இத அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல?"