முன் சக்கரத்துச் சங்கிலி

பனி மூடிய மலையில் பொலூருக்கு ஏறும் சாலையில் காவலர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் சங்கிலி கட்டாமல் யாரும் மேலே போகக் கூடாது. மணி பத்து. பன்னிரண்டுக்குத் தங்கை மாஹ்ருக்கின் மகளுக்கு நிக்காஹ். ஆறு வருடம் பேசாதிருந்த தங்கை அனுப்பிய அழைப்பு அது. இன்று போகாவிட்டால் பனியைச் சாக்குச் சொன்னதாகத்தான் ஆகும், அதன்பின் தனக்குத் தங்கையே கிடையாது என்று சூதாபேக்குத் தெரியும்.

அவள் கணவர் ஈரஜ் டிக்கியிலிருந்து துருப்பிடித்த சங்கிலியை இழுத்துப் போட்டார். பழைய பைக்கான் காரோடு வந்தது. காரை விற்று ஒன்பது வருடமாகிறது, சங்கிலியை விட மட்டும் மனிதருக்கு மனசு வரவில்லை. இப்போது ஓட்டுவது பிரைட் கார். நேராகப் பின் சக்கரத்தருகே போய் மண்டியிட்டார். பின் சக்கரம் தள்ளுகிற பைக்கானில் ஓட்டப் பழகிய ஆண்களில் பாதிப் பேர் இன்றும் பின்பக்கம்தான் போவார்கள்.

"ஏங்க, இது முன் சக்கரம் இழுக்கிற வண்டி."

"முப்பது வருஷமா மாட்டறேன். எனக்கே பாடமா?"

"பாருங்க, தொளதொளன்னு தொங்குது."

சாலையோரம் சங்கிலி விற்பவரை ஈரஜ் சாட்சிக்கு அழைத்தார்.

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் உங்க கால்தூசி" என்றார் அவர்.

நரைத்த தலைக்கு மரியாதையாம்! அந்த மரியாதையில் வண்டி பள்ளத்தில் உருண்டாலும் பரவாயில்லை போலிருக்கிறது. சூதாபேக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து, டயர்மேல் இருந்த பனியைத் துடைத்து, அதன் அளவைப் படித்தாள்.

"நூத்தி அறுபத்தஞ்சு, அறுபத்தஞ்சு, பதிமூணு. இதுக்கு ஏத்தது குடுங்க. ஐயாவக் கேக்காதீங்க."

"ஏணி மாதிரி இருக்கறது மலிவுதான் அக்கா, ஆனா வளைவுல வழுக்கும். வலை மாதிரி இருக்கறத எடுத்துக்கங்க" என்றார் விற்பவர், விட்டால் போதும் என்று.

அப்போது மாஹ்ருக் போனில் அழைத்தாள்; சூதாபே ஸ்பீக்கரில் போட்டாள். "மலையெல்லாம் பனியாம். கஷ்டப்படாத அக்கா. நீ வந்த மாதிரியே நெனச்சுக்கறேன்."

"அவளே வேணாங்கறா, திரும்பிடலாம்" என்றார் ஈரஜ்.

தங்கை சொன்னது உபசாரமா, உண்மையா? இந்த நாட்டில் அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆயுள் போதாது.

"சங்கிலி எந்தச் சக்கரத்துல?" என்று மாஹ்ருக் கேட்டாள். "அத்தான் பின்னாடி மாட்டியிருப்பாரே!"

சூதாபே கணவரைப் பார்த்தாள். அவர் புதுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் நடந்தார்.

"முன்னாடிதான்டி."

"அப்ப மெதுவா வா. நீ வராம ஆரம்பிக்க விடமாட்டேன்."