கோட்டைக் கன்மதம்

சர்தார் வாயைத் திறந்தால், செஞ்சி பஸ் நிலையத்தில் புறப்பட வேண்டிய பஸ்கூட ஐந்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும்.

"ஆனைக்கு மதம் புடிச்சா கன்னத்துல வடியும், பாத்திருக்கிறீங்களா? பாக்கலன்னா பரவால்ல, நானும் பாத்ததில்ல. அதே மாதிரி மலைக்கு மதம் புடிச்சா பாறையில வடியும். அதுக்குப் பேருதான் கன்மதம். சித்திரை வெயில்ல, நம்ம ராஜகிரிக் கோட்ட உச்சியில, கழுகு ஒக்காரப் பயப்படுற எடத்துல கசியுது. மண்ணு ஆயிரம் வருசமா சேத்து வெச்ச சத்து மொத்தமும் இதுல எறங்கியிருக்குது. சோகைக்கு, முட்டி வலிக்கு, மூலத்துக்கு, பசி இல்லாதவனுக்கு, பசி அதிகமா இருக்கிறவனுக்கு!"

ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் அது. கடைசியாகச் சொன்ன வியாதிக்காரர்கள்தான் அதிகம் வாங்கினார்கள்.

உண்மையான கன்மதம் வடக்கே இமயமலைப் பக்கம் கிடைக்கும் என்று சர்தார் கேள்விப்பட்டிருந்தான். அவ்வளவு தூரம் போக அவனுக்கு நேரமில்லை. செட்டிகுளம் பக்கத்திலேயே இருந்தது. கோடையில் வற்றிய குளத்தின் வண்டலைக் கூடையில் அள்ளி வருவான். பழைய லுங்கியில் வடிகட்டி, வெல்லமும் கடுக்காயும் போட்டுக் காய்ச்சி உருட்டினால், மலை உச்சிச் சரக்கு தயார். தகர டப்பாவில் அடைத்து மூடுவது மட்டும்தான் பாக்கி.

விற்கும்போது ஒரு பத்தியம் சொல்லுவான். "இத திங்கும்போது இங்கிலீஷ் மருந்து ஆகாது. ஒன்னுக்கொன்னு முறிச்சிப்புடும்." இது அவன் கண்டுபிடித்த பாதுகாப்பு. வியாதி போகவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால், "ஆஸ்பத்திரி மாத்திர எதுனா துன்னியா?" என்று கேட்பான். தின்றிருப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு டப்பா வாங்கிப் போவார்கள்.

சாட்சிக்குத் தங்கராசு இருந்தான். கூட்டத்தில் நின்று, சரியான நேரத்தில், "எனக்கு முட்டி வலி போச்சிங்க!" என்று கத்துவது அவன் வேலை. கூலி ஒரு டீ, ஒரு வடை, ஒரு உருண்டை.

சர்தாரின் மனைவி ரோஷன் பீக்கு ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு குழந்தைகள் வயிற்றோடு போயிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாக வரும் நர்ஸ் வசந்தா, அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, ஒடம்புல ரத்தமே இல்லியே. மண்ணு கிண்ணு துன்றியா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க நர்சம்மா."

"முருங்கைக் கீரை, கேவுரு, வெல்லம், முடிஞ்சா ஈரல் சாப்டு. இந்த இரும்புச் சத்து மாத்திரைய ஒரு நாள்கூட உடாத. இந்த ரத்தத்த வெச்சிக்கினு பிரசவம் தாங்க மாட்ட." பிறகு சர்தாரைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்றீங்களே பாய், ஊட்டையும் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

சர்தார் பார்த்தான். கீரை வாங்கினான், ஈரல் வாங்கினான், மாத்திரை தீர்ந்ததா என்று கேட்டு, தீர்ந்தது என்றால் ஆஸ்பத்திரிக்கு நடந்து போய் மறுபடி வாங்கி வந்தான். ஆனால் எட்டாம் மாதம் தொடங்கியபோது அவள் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அதே வாரம் சரக்குப் பெட்டியில் நாலு டப்பாக்கள் காலியாகக் கிடந்தன. எலி என்று நினைத்தான். டப்பாவைத் திறந்து, தின்று, மறுபடி மூடி அடுக்கியும் வைத்திருந்தது. எந்த எலி என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பத்தியமும் ஞாபகம் வந்தது. அவள் எதையும் ஒளித்து வைக்கும் அரிசிப் பானையில் நேராகக் கையை விட்டான். அடியில் ஒரு துணி முடிச்சு. அதற்குள் இரண்டு மாதத்து மாத்திரைகள்.

"இன்னா ரோஷனு இது?"

"கோச்சிக்காதீங்க. மண்ணு வாசனைக்கு நாக்கு ஏங்குது. உங்க மருந்துல அது இருக்குது, சத்தும் இருக்குது. மாத்திரையும் சேத்து துன்னா முறிச்சிப்புடும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது வேவாரத்துக்குச் சொன்னதுடி! அதுல ஒரு மண்ணும் இல்ல. இல்ல, மண்ணுதான் இருக்குது. செட்டிகுளத்துச் சேறு!"

அவள் சிரித்தாள். "டப்பா கொறையுதேன்னு இப்படி ஒரு பொய்யா? புள்ள பொறந்ததும் பெட்டியத் தொடமாட்டேன், போங்க."

அவன் சேற்றை அள்ளி வந்து அவள் கண் முன்னாலேயே வடிகட்டிக் காய்ச்சிக் காட்டினான். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு முழுவதும் பார்த்தாள். "மலையில பேயற மழையெல்லாம் அந்தக் கொளத்துக்குத்தான வருது? மதம் அங்க எறங்காம வேற எங்க எறங்கும்?" என்றாள். இந்த வரி தனக்கு இரண்டு வருஷமாகத் தோன்றவில்லையே என்று அவனுக்குள் இருந்த வியாபாரி ஒரு நொடி வருத்தப்பட்டான். அந்த ஒரு நொடிக்காக அவன் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

கடைசியாகத் தங்கராசுவை வீட்டுக்கு இழுத்து வந்தான்.

"சொல்லுடா. நீ கூட்டத்துல சொல்றது பொய்யின்னு சொல்லு."

தங்கராசு தலையைச் சொறிந்தான். "மொதல்ல பொய்யிதான் பாய். அப்பொ எனக்கு முட்டி வலியே கெடையாது. போன மழையில நெசமாவே வந்துச்சி. நம்ம உருண்டையத்தான் துன்னேன். போயிடுச்சி."

"அடப்பாவி, அது தானா போயிருக்கும்டா!"

"தானா போவறதா இருந்தா எதுக்கு வந்துச்சி?" அவன் ரோஷன் பீ பக்கம் திரும்பினான். "நல்ல மருந்து தங்கச்சி. பாய்க்கே அதோட அரும தெரியல."

சர்தார் பெட்டியோடு சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்ச் செட்டிகுளத்திலேயே கொட்டினான். வந்ததை வந்த இடத்தில் சேர்த்தாயிற்று. வீட்டில் அவளைக் கெஞ்சினான். சண்டை போட்டான். எதிரில் உட்கார்ந்து மாத்திரையை விழுங்கச் சொன்னான். அவள் விழுங்குவதுபோல் காட்டினாள்; தின்ற மருந்து முறிந்துவிடும் என்று பின்பக்கம் போய்த் துப்பினாள். அவள் பிடிவாதக்காரி இல்லை. அவனை முழுவதுமாக நம்பினாள். பஸ் நிலையத்தில் பேசுகிற அவனை.

சரக்கைக் கொட்டிய பன்னிரண்டாம் நாள் உச்சி வெயிலில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் குழந்தை அழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா, "இவ்ளோ ரத்தம் போனா தாங்கறதுக்கு அவ ஒடம்புல ரத்தம் ஏது? பாண்டிச்சேரிக்குக் கொண்டு போங்க, ரத்தம் ஏத்தணும்" என்றாள். வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போகிற வேன் ஒன்று கிடைத்தது. மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவளைக் கிடத்தினார்கள்.

"இன்னாங்க, டப்பா எடுத்தாந்தீங்களா?"

"எடுத்தாந்தேன்" என்றான். இல்லை.

"ஆனை மதம் சொல்லுங்க. நீங்க சொன்னா தெம்பா இருக்குது."

சர்தார் சொன்னான். வேன் குலுங்க, அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, பஸ் நிலையத்தில் சொல்லுகிற அதே குரலில் சொன்னான். யானை, மலை, கழுகு, சித்திரை வெயில், ஒவ்வொரு வியாதியாக. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். திண்டிவனம் வந்தபோது மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தான். அவள் எந்த வியாதி வரைக்கும் கேட்டாள் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

அடக்கத்தின்போது குழிக்குள் முதல் மூன்று பிடி மண் அவன் போட வேண்டும். குனிந்து அள்ளினான். கை தானாகவே மண்ணை உருட்டத் தொடங்கியது. இரண்டு வருஷப் பழக்கம். பக்கத்தில் நின்றவர் மெதுவாக அவன் விரல்களைப் பிரித்துவிட்டார்.

கபரஸ்தான் வாசலில் வல்லம் கிராமத்து ஆள் ஒருவன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"இந்த நேரத்துல கேக்கறது தப்புதான் பாய். பொஞ்சாதி மாசமா இருக்குறா, வெளுத்துப் போயிட்டா. ரெண்டு டப்பா இருந்தா..."

"அது மண்ணு" என்றான் சர்தார். "வெறும் மண்ணு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ."

அந்த ஆள் இரக்கத்தோடு தலையை ஆட்டினான். "மனசு ஒடிஞ்சி பேசறீங்க. அடுத்த வாரம் வரேன்."

திரும்பி நடந்தான். சர்தார் அவன் முதுகையே பார்த்தான். சர்தாரின் இடுப்பு மடிப்பில் அந்த மாத்திரை முடிச்சு இருந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்திலிருந்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தான்.

"யோவ், நில்லு!"

குரல் பஸ் நிலையத்துக் குரலாக மாறிவிட்டது. கபரஸ்தானிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத யாருக்கும் குடுத்ததில்ல. எம் பொண்டாட்டிக்குன்னு வெச்சிருந்தது. பூமிக்கடியில இரும்பு இருக்குது பாரு, அந்த இரும்போட சாரம். தெனம் ஒன்னு. தீந்துபோனா ஆஸ்பத்திரியில வசந்தான்னு ஒரு நர்சம்மா, அவங்க கிட்ட மட்டுந்தான் இருக்கும். ஒரே ஒரு பத்தியம்..."

வல்லத்துக்காரன் முடிச்சை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "சொல்லுங்க பாய்."

முடிச்சைக் கண்ட அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது, இப்போது தடங்கலில்லாமல் வந்தது.

"இத திங்கும்போது கன்மதம் ஆகாது" என்றான் சர்தார். "முறிச்சிப்புடும்."