சிக்னலில் மட்டும் அழும் வண்டி

எங்கள் டாக்ஸி அழுகிறது என்று எனக்கு முதலில் சொன்னது மாட்டுங்கா அம்மிணி மாமி. நான் அவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வண்டியில்தான் செம்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார்.

“ஏண்டி ஜெயசீலி, ஒங்க வண்டிக்கு என்ன ஒடம்பு? ஓடறச்சே சமத்தா ஓடறது. சிக்னல்ல நின்னா மட்டும் ஊன்னு அழறது. பக்கத்து வண்டிக்காரனெல்லாம் திரும்பிப் பாக்கறான்.”

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். ஓடும்போது சத்தம் வந்தால் எனக்குப் புரியும். ஓடாமல் நிற்கும்போது ஒரு வண்டி ஏன் அழ வேண்டும்? எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது, “இவ கேக்குத கேள்விக்கு கர்த்தர்தான் எறங்கி வந்து பதில் சொல்லணும்” என்பார்.

அவர் போன பிறகு டாக்ஸி பெர்மிட் என் பேருக்கு மாறியது. எனக்கு ஓட்டத் தெரியாது. பகலில் ஏசுதாஸ் அண்ணாச்சி ஓட்டினார், இரவில் மன்சூர் அலி. அண்ணாச்சி நாசரேத் பக்கத்துக்காரர். என் வீட்டுக்காரருக்கு உயிர் சிநேகிதர். இளவயசெல்லாம் பரேல் மில்லில் தறி ஓட்டிக் கழித்துவிட்டு, அதன்பின் பேட்ஜ் வாங்கி டாக்ஸிக்கு வந்தவர். மன்சூர் மேலப்பாளையத்துப் பையன், வாயாடி. பம்பாயில் டிராம் நின்றுபோன மறுவருஷம் அது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டாக்ஸிக்கு நல்ல கிராக்கி.

சாயங்காலம் தாராவியில் எங்கள் லேபர் கேம்ப் வாசலில் வண்டி கை மாறும். அன்றைக்கு இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

“சத்தமா? அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன்க்கா, ஒரு சத்தமும் இல்ல. வண்டி பட்டு மாதிரி ஓடுது” என்றான் மன்சூர்.

அண்ணாச்சி வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். யார் பேசினாலும் முகத்தைத் திருப்பி நேராகப் பார்த்துத்தான் கேட்பார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

“ஒண்ணும் இல்லையே தாயி” என்றார்.

மாமி பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் இவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார். எதையோ உடைத்துவிட்டு மறைக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “யாருன்னு கண்டுபிடிப்பேன். கண்டுபிடிச்ச அன்னைக்கு அந்த ஆளு வண்டிய விட்டு எறங்கிரணும்” என்று இருவர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மன்சூர் சிரித்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவருக்கு மனைவி அன்னமேரி மைனியும், படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த ஸ்டியரிங்கை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் ஆண்டாப் ஹில் அடிவாரத்தில் பட்டறை வைத்திருந்த கணேசபாண்டியனிடம் வண்டியைக் கொண்டுபோகச் சொல்லி, நானும் கூடப் போனேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைக் கியர் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“கியர் பெட்டி சுத்தமா இருக்கு. காலிபீலி, சும்மா என் நேரத்த வாங்காதிய. அந்த மாமிக்குத்தான் காதுல எதுவும் கோளாறு இருக்கும்.”

நான் விடுவேனா? அன்று மாலை மன்சூரோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சயானிலிருந்து தாதர் வரைக்கும் போய்த் திரும்பினோம். நின்ற இடத்திலெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவன் வாய்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அடுத்த நாள் காலையில் அண்ணாச்சியோடு ஏறினேன். கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் வண்டி நின்றது. நின்றதுதான் தாமதம், காலுக்கு அடியிலிருந்து கிளம்பியது ஒரு ஊளை. முதலில் மெல்லிசாக, பிறகு கனமாக. பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரன் எட்டிப் பார்த்தான். விளக்கு பச்சையாகி வண்டி நகர்ந்ததும் சத்தம் பொட்டென்று நின்றுபோனது.

“அண்ணாச்சி, இது ஒங்களுக்குக் கேக்கலையா?”

அவர் என் பக்கம் திரும்பினார். “எது தாயி?”

பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவ்வளவு பெரிய ஊளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது என்று கேட்கிற ஆளை என்னவென்று சொல்வது? அங்கேயே இறங்கிவிட நினைத்தேன். ஆனால் கோபத்தை விட எனக்குத் தெரிந்துகொள்ளும் ஆசை பெரிது. ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே சிக்னல். மன்சூர் ஓட்டினால் ஊமை, இவர் ஓட்டினால் ஊளை. ஒரு இரும்புக்கு ஆள் அடையாளம் எப்படித் தெரியும்?

அடுத்த சிக்னலில் காதை விட்டுவிட்டுக் கண்ணை வைத்தேன். மன்சூர் நின்றவுடன் நியூட்ரலா என்று கியர் ராடை ஆட்டிப் பார்த்துவிட்டு, கால் இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஜன்னலில் கையை ஊன்றிக் கதை பேசுவான். அண்ணாச்சி அப்படி இல்லை. வண்டி முதல் கியரில் இருக்கிறது. இடது கால் கிளட்ச்சை அடிமட்டம் வரை மிதித்து அழுத்திக்கொண்டிருக்கிறது. கை கியர் ராடின் உருண்டையை விட்டு அகலவில்லை. ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி முன்னால் நிற்கும் வண்டியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பட்டறைக்கு விடுங்க” என்றேன், அவர் என் பக்கம் திரும்பியதும்.

கணேசபாண்டியனிடம், “வித்தியாசம் கால்ல இருக்கு. கியரப் போட்டுட்டு கிளட்ச மிதிச்சுப் பாருங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நியூட்ரலில் காலை எடுத்தார், சத்தம் இல்லை. பெடலை விரலால் தொடுகிற மாதிரி லேசாகத் தொட்டார், அப்போதும் இல்லை. “இதுல சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங்கு கோளாறு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு முழுக்க மிதித்து, முதல் கியரைத் தள்ளி, அப்படியே பிடித்தார். ஊளை கிளம்பியது. காலை எடுத்து நியூட்ரலுக்கு வந்தார், நின்றது. மறுபடி மிதித்தார், அழுதது.

“அட சண்டாளா, பைலட் புஷ்!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அது என்னவென்று கேட்டுத் துளைத்துவிட்டேன். எஞ்சினின் நடுத்தண்டும் கியர் பெட்டியின் தண்டும் நேருக்கு நேர் நிற்கும். கியர்த் தண்டின் மூக்கு எஞ்சின் தண்டின் குழிக்குள் போய் உட்காரும். அந்தக் குழிக்குள் மோதிரம் மாதிரி ஒரு சின்ன வெண்கலப் புஷ். வண்டி ஓடும்போது இரண்டு தண்டும் சேர்ந்தே சுற்றும், புஷ்ஷுக்கு வேலை இல்லை. கிளட்ச்சை மிதித்துக் கியரில் நிறுத்தினால் எஞ்சின் தண்டு மட்டும் சுற்றும், மூக்கு அசையாமல் நிற்கும். அப்போதுதான் இரண்டுக்கும் நடுவில் புஷ் தேயும். தேய்ந்து போனால் அப்போதுதான் கத்தும்.

“அன்னைக்கு நான் நியூட்ரல்ல போட்டு அடியில படுத்துட்டேன். அப்ப எப்படிக் கத்தும்?” என்றார்.

கியர் பெட்டியை இறக்கினார்கள். புஷ் குழிக்குள் இறுகிக் கிடந்தது. பின்பக்கம் வழியில்லாத குழி, எதைக் கொண்டு இழுப்பது? கணேசபாண்டியன் என் தூக்குச்சட்டியைப் பார்த்தார்.

“நேத்து அவிச்ச இட்லி இருக்கா தாயி?”

“பசிக்குதா?”

“எனக்கில்ல, புஷ்ஷுக்கு.”

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். இட்லியைப் பிய்த்துக் குழிக்குள் திணித்தார். குழிக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பழைய தண்டை வைத்துச் சுத்தியலால் அடித்தார். மறுபடி இட்லி, மறுபடி அடி. போக வழியில்லாத இட்லி புஷ்ஷுக்குப் பின்னால் போய் முட்ட, புஷ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து என் கையில் விழுந்தது. “கிரீஸும் வைக்கலாம். இட்லின்னா தொடைக்கது லேசு. பாவு ரொட்டியும் போடலாம், ஆனா ஒங்க இட்லிதான் நல்ல கெட்டி” என்றார். என் சமையலை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

புஷ்ஷின் வட்டமான உள்வாய் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. புதியதை எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினார். போகும்போது சொல்லிவிட்டார்: “சிக்னல்ல நியூட்ரலுக்கு வரச் சொல்லுங்க. மிதிச்சே நின்னாருன்னா இதுவும் இப்படித்தான் ஆகும்.”

ஆக, உடைத்தது அண்ணாச்சியின் கால்தான். ஆனால் அது ஒரு பழக்கம், குற்றமில்லை. பொய் ஏன் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அடுத்த நாள் காலையில் மறுபடி அவரோடு ஏறினேன். நியூட்ரல் விஷயத்தை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். தலையாட்டினார்.

கிங்ஸ் சர்க்கிளில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி நின்றது, விளக்கே தெரியவில்லை. அண்ணாச்சி சொன்னபடி நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, தலைக்கு மேல் மாட்டியிருந்த பின்பார்வைக் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். வண்டி அமைதியாக நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. லாரி நகர்ந்தது. பின்னால் நின்ற மாடி பஸ் ஹார்ன் அடித்தது. சாதாரண அடி இல்லை, நான் சீட்டிலிருந்து துள்ளி விழுந்தேன். அண்ணாச்சி துடைத்துக்கொண்டிருந்தார்.

“போங்க அண்ணாச்சி” என்றேன், ரோட்டைப் பார்த்தபடி.

அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் இரண்டாம் முறை அடித்தது. நான் திரும்பி அவர் தோளைத் தொட்டேன். சட்டென்று என்னைப் பார்த்தார். என் கண்ணை இல்லை, வாயை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மரியாதை என்று நான் நினைத்த அந்தப் பார்வை விளங்கியது. சோர் பஜாரில் தேடி வாங்கி மாட்டியிருந்த அந்தப் பெரிய கண்ணாடி விளங்கியது. பின்சீட்டில் இருப்பவர் வாய் தெரிய மாட்டியதை நான் அழகு பார்க்கிறார் என்று கேலி செய்திருக்கிறேன். கியரிலேயே நிற்கும் அந்தக் காலும் விளங்கியது. பின்னால் ஹார்ன் அடித்தால் தெரியாத மனுஷன், முன்னால் நிற்கும் வண்டியின் சக்கரம் அசைந்த மறுகணமே கிளம்பியாக வேண்டும்.

ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னேன்.

“எத்தன நாளா அண்ணாச்சி?”

“தறி ஷெட்டுல காது பாதி போச்சு. மீதி இப்ப ரெண்டு வருசமா. மில்லுல எல்லாருக்கும் அப்படித்தான் தாயி. அந்த இரைச்சல்ல வாயப் பாத்துத்தான் பேசுவோம். அதனால வெளிய தெரியல.”

“அப்ப வண்டியில கோளாறுன்னு ஒங்களுக்குத் தெரியவே இல்லையா?”

கியர் ராடின் உருண்டையைத் தடவினார். “தெரியும். மழைக்கு முந்தியே இந்த ராடுல நடுக்கம் வந்துட்டு. மிதிச்சா நடுங்கும், விட்டா நிக்கும்.”

“சொல்லியிருக்கலாம்லா!”

“சொன்னா, எப்படிச் சத்தம்னு கேப்பிய. நான் என்னத்தச் சொல்ல?”

பொய்யர் என்று நினைத்ததற்கு என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

“ஒரு பிள்ள குறுக்க ஓடி வந்து, அதைப் பெத்தவ கத்தினா ஒங்களுக்குக் கேக்குமா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பார்க்கில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் போட்ட கூச்சல் முழுவதும் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“கேக்காது” என்றார். சாவியைத் திருகி எடுத்து என் மடியில் வைத்தார். “மில்லுக்கே திரும்பிப் போறேன். அங்க ஒரு செவிடன் கூடினா யாருக்குத் தெரியும்?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை மில்லில் மறுபடி எடுப்பார்களா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் சாவியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே!

“நீங்கதான் ஓட்டணும். நான் பக்கத்துல இருக்கேன். ஹார்ன் கேட்டா தோள்ல தட்டுதேன்” என்றேன்.

அப்படியே வந்தோம். சயான் சிக்னலில் வண்டி நின்றது. பழக்கம் விடுமா? அவர் கால் தானாகக் கிளட்ச்சை மிதித்தது, கை முதல் கியரைப் போட்டது. புதுப் புஷ் மூச்சுவிடவில்லை. உருண்டையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நடுக்கம் இல்லை.

“ஜெயசீலி” என்றார். “அது எப்படித்தான் இருந்துச்சு? அந்தச் சத்தம்.”

நான் அவர் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தேன். வாயைக் குவித்து, தொண்டையிலிருந்து இழுத்து, ஊ... என்று அழுதேன். முதலில் மெல்லிசாக, பிறகு கனமாக, அது எப்படி ஏறியதோ அப்படியே. பக்கத்து டாக்ஸிக்காரன் எட்டிப் பார்த்தான். அண்ணாச்சி இமைக்காமல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு நேரமா?” என்றார்.

“இதவிட நேரம்.”

“அம்மாடி” என்றார் ஆச்சரியமாக.

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் அவர் தோளில் தட்டினேன்.