ஜாஸ் தெப்பம்

கல்கத்தா பட்டுக் கண்காட்சிக்குப் போய்வந்ததிலிருந்து கலியாணசுந்தரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறிகள் அவருக்காகத்தான் ஓடின. அந்தப் பெருமையைக்கூட மறந்துவிட்டார். வாயைத் திறந்தால் ஹூக்ளி ஆற்றுப் படகுதான். சாயங்கால வேளையாம், படகு நிறைய விளக்காம், தண்ணீர்மேல் ஜாஸ் சங்கீதமாம், கையில் கண்ணாடித் தம்ளராம். தம்ளரில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார். கேட்டுக் கேட்டு அவர் மனைவி கமலவேணிக்குக் காது புளித்துவிட்டது. வயிறும் எரிந்தது. வாலாஜாபாத்தைத் தாண்டி அவள் எந்த ஊரையும் பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. வருஷக்கணக்காக மணலை மட்டுமே காட்டிக்கொண்டிருந்த பாலாற்றில் வெள்ளம் வந்து வடிந்து, திருமுக்கூடலில் ஏரிபோலத் தண்ணீர் நின்றது. கலியாணசுந்தரத்துக்குக் கேட்கவா வேண்டும்?

"பெங்களூர்லேர்ந்து பெரிய வியாபாரி வரார். அவருக்கு நம்ம ஆத்துலயே ஜாஸ் வச்சி ஒரு போட் வுடப் போறேன்" என்றார்.

"நானும் வரேங்க."

"ஆம்பளைங்க சமாசாரம் அது. நீ போண்டா போட்டுக் குடு, போதும்."

"தண்ணி வத்திடும். மறுபடி எப்ப வருமோ. ஒரே ஒரு தபா."

"சொன்னா கேளு."

அன்று சாம்பாரில் உப்பில்லை. மறதியால் அல்ல.

காஞ்சிபுரத்தில் மிதக்கிற எதையும் கட்டத் தெரிந்தவர் தணிகாசலம் ஒருவர்தான். கோயில் குளத்துத் தெப்பமெல்லாம் அவர் கைவேலை. படகு வேண்டும் என்றதும் தலையாட்டிவிட்டுப் போனார். காலி தார் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, மூலைக்கு ஒரு வாழைமரம் நட்டு, சுற்றிலும் விளக்குத் தொங்கவிட்டு, நடுவில் சாமி உட்கார உயரமாக ஒரு பீடமும் வைத்துவிட்டார்.

"இன்னாய்யா இது? படகு கேட்டா தெப்பத்தைக் கட்டிக்கினு வந்து நிக்கிற?"

"மெதக்குதா இல்லியா மொதலாளி?"

மிதந்தது. பெங்களூர்க்காரருக்கென்று பீடத்தின்மேல் ஒரு சோபா நாற்காலியை ஏற்றினார்கள். மெட்ராஸ் ஓட்டலில் வாசிக்கிற தேவசகாயம், சாக்ஸபோனும் இரண்டு கூட்டாளிகளுமாக வந்து ஓர் ஓரத்தில் பயந்துகொண்டே உட்கார்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.

பொழுது சாயும் நேரத்தில் கமலவேணி மாட்டுவண்டியில் போண்டாவோடு வந்து இறங்கினாள். அரக்குப் பட்டு, தலை கொள்ளாத கனகாம்பரம். போண்டா கொடுக்க இத்தனை அலங்காரமா என்று கேட்கக் கலியாணசுந்தரம் வாயெடுப்பதற்குள் சைக்கிளில் சேதி வந்துவிட்டது. திருப்புட்குழிப் பக்கம் ஏரி உடைந்து ரோட்டில் தண்ணீர். வியாபாரி வந்த வழியே திரும்பிவிட்டார். கலியாணசுந்தரம் தலையில் கைவைத்து நின்றபோது கமலவேணி விறுவிறுவென்று தெப்பத்தில் ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எறங்குடி."

"காலியாத்தான கெடக்குது."

பீடத்தில் ஆள் உட்கார்ந்துவிட்டால் கழி ஊன்ற வேண்டும் என்பதுதான் தணிகாசலம் அறிந்த முறை. ஊன்றிவிட்டார். கலியாணசுந்தரம் ஒரு காலை நனைத்துக்கொண்டு தாவி ஏறினார்.

தேவசகாயம் ஊதத் தொடங்கினார். அந்த வளைந்த குழலிலிருந்து, அழுகிறதா சிரிக்கிறதா என்று பிடிபடாத ஒரு சத்தம் எழும்பித் தண்ணீர்மேல் போயிற்று. கமலவேணிக்கு உடம்பு சிலிர்த்தது. இதைப் போய்த் தான்மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறாரே பாவி மனுஷன் என்று ஆத்திரமும் வந்தது.

கரையில், புதுத் தண்ணீர் பார்க்க வந்த சனம் நிமிர்ந்து பார்த்தது. விளக்கு, வாழைமரம், மேளம், நடுவே பட்டும் பூவுமாக ஒரு பெண். சடசடவென்று கற்பூரம் எரிந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருமுக்கூடல் விவசாயி முனிசாமி கையில் தேங்காயோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்துவிட்டார்.

"எந்த ஊரு அம்மன் சாமி?"

"அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல. என் பொண்டாட்டிய்யா" என்றார் கலியாணசுந்தரம்.

முனிசாமி ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கட்டுமே. ஆத்துல தண்ணி வந்துக்குது, தெப்பம் வந்துக்குது, நடுவுல லட்சணமா ஒரு பொம்பள குந்திக்கினு இருக்குது. எங்களுக்கு அது போதும்பா. நீ இன்னா சும்மா நிக்கிற? குடையப் புடி."

தன் கக்கத்திலிருந்த கறுப்புக் குடையை விரித்துக் கலியாணசுந்தரத்தின் கையில் திணித்தார். கரை முழுக்கச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குடை பிடித்தார்.

"கரைக்கு வுடுய்யா" என்று பல்லைக் கடித்தார்.

"மூணு சுத்து வராம தெப்பம் கரையேறக் கூடாது மொதலாளி" என்றார் தணிகாசலம்.

ஆற்று நடுவிலிருந்த மணல்திட்டைத் தெப்பம் சுற்றியது. நாயனத்தை இன்னும் சத்தமாக ஊதச் சொல்லிக் கரையிலிருந்து குரல் வந்தது. பயம் தெளிந்த தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். மூன்றாவது சுற்று முடிந்ததும் தணிகாசலம் கழியைத் தூக்கிப் பிடித்தார்.

"கரைக்கு வுட்டுடவா?"

"வுடு, வுடு" என்றார் கலியாணசுந்தரம்.

தணிகாசலம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து கமலவேணியிடம் உத்தரவு கேட்டு ஒருவரும் நின்றதில்லை. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"கை வலிக்குதுங்களா?" என்று தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"உயிரு போவுதுடி."

"அந்தக் கைக்கு மாத்திக்கோங்க" என்றாள். "இன்னொரு சுத்து வுடுங்கண்ணே."